வழுக் களையும் தொண்டு



போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்கினால் மலை மதில்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். விடியுமுன்னே ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டுச் சாலையில் வளைந்து வளைந்து ஏறும். மாலையில் அதே வழியாக அவர்கள் இறங்கிவருவர். என் தந்தையார் அம்மலைச் சரிவில் ஒரு தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். பள்ளி விடுமுறையில் என்னையும் உடன் அழைத்துச் செல்வார்.

அங்கே நான் கண்ட வேலைகளுள் ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. ஏலச்செடிக்குக் 'கட்டே' என்றொரு நோய் உண்டு. இளம் இலையில் நரம்பையொட்டி வெளிறிய கோடுகள் முதலில் தோன்றும். நாளடைவில் தூர் முழுவதும் குன்றிப்போகும். அசுவினி என்னும் சிறு பூச்சி இந்நோயை ஒரு தூரிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்கிறது. நோயுற்ற தூரைத் தேற்றும் மருந்து கிடையாது. ஆகவே, வரிசை வரிசையாக நடந்து, இலை இலையாகப் பார்த்து, நோய் கண்ட தூரைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். இன்று பார்த்து முடித்த இடத்தைச் சில வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். காய் பறிப்பவரின் உழைப்பு எடையாகித் தந்தையாரின் கணக்கேட்டில் ஏறியது. நோய்த்தூர் தேடி நடந்தவரின் உழைப்புக்கோ எடை இல்லை. ஆயினும் அவர் நடவாத தோட்டத்தில் விளைச்சல் ஆண்டுக்காண்டு குறைந்துவிடும்.

கண்ணுக்குப் புலனாகாத அத்தகைய உழைப்பொன்றின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது நடைபெறும் இடம் கணிப்பொறி.

கணிப்பொறியில் எழுதவும், எழுதியதைத் திருத்தவும் உதவும் கருவியை உரைத்தொகுப்பி என்பர். நிரல் எழுதுவோருக்கு அது தச்சனுக்கு உளி போன்றது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்பவர் 1976-ஆம் ஆண்டில் 'வி.ஐ.' என்னும் தொகுப்பியை உருவாக்கினார். அதனைப் பின்பற்றி 1987-இல் டிம் தாம்சன் என்பவர் 'ஸ்டீவி' என்றொரு சிறு தொகுப்பியை எழுதி, அதன் மூலநிரலை எல்லாருக்கும் வெளிப்படையாக வழங்கினார். நெதர்லாந்து நாட்டினரான பிராம் மூலெனார் என்னும் பொறியாளர் தம் அமிகா கணிப்பொறியில் அந்த ஸ்டீவியை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். அவர் திருத்தித் திருத்தி வளர்த்த கருவி 'விம்' என்னும் பெயரோடு 1991-இல் வெளியாயிற்று. ஒருவர் நட்டதை மற்றொருவர் பேண, அதனை மூன்றாமவர் பெருக்கினார். மூலநிரல் திறந்து கிடந்ததனாலன்றோ இது கைகூடிற்று?

விம் விலைக்கு விற்கப்படவில்லை. யாரும் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். மூலெனார் பயனாளரிடம் ஒன்றையே வேண்டினார். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் கிபாலே என்னும் இடத்தில் எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த குழந்தைகள் பலர் இருந்தனர். அங்கே தொண்டராகச் சென்று பணிபுரிந்த அவர், அக்குழந்தைகளுக்காக ஓர் அறநிலையம் நிறுவினார். கருவி பயன்பட்டதென்று கருதுவோர் அக்குழந்தைகளுக்கு உதவுக என்று கேட்டுக்கொண்டார்.

இனி, வழு என்பது யாது, அதனைக் களைவது எங்ஙனம் என்று பார்ப்போம். நிரலில் நேரும் பிழையை நம் கணித்தமிழ் அறிஞர் 'வழு' என்றே வழங்குகின்றனர். வழு களைபவர் முதலில் அதனைத் தம் கணிப்பொறியில் மீண்டும் நிகழச் செய்து பார்ப்பார். நிகழாத வழுவைத் திருத்த இயலாது. பிறகு, அது எந்த வரியில் பிறந்தது என்று தேடுவார். தேடல் பல நாள் நீளும். திருத்தமோ பல வேளைகளில் இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடும். அத்திருத்தத்துக்கு ஓர் எண் கொடுத்து வெளியிடுவர். விம்மின் 8.2 என்னும் பதிப்பு 2019 டிசம்பரில் வந்தது; 2022 ஜூனில் 9.0 வருவதற்குள் 5000-க்கும் மேற்பட்ட திருத்தங்கள் வெளியாயின. அவற்றுட் பெரும்பாலானவற்றைப் பயனாளர் அறியவேமாட்டார்.

ஒரே ஒரு வழுவை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு கோப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ, 'இதனை இவ்வாறு காட்டுக' என்று தொகுப்பிக்குக் குறிப்பு எழுதிவைக்கும் வசதி விம்மில் உண்டு. பத்தியின் அகலம் இவ்வளவு, உள்தள்ளல் இவ்வளவு என்பன போன்ற எளிய குறிப்புகளுக்காக ஏற்பட்டது அது. அக்குறிப்பு தீய கட்டளை எதனையும் நிறைவேற்றாதபடி வேலியும் இடப்பட்டிருந்தது. 2019-ஆம் ஆண்டில் அர்மின் ரஸ்மஜு என்னும் ஆய்வாளர் அவ்வேலியில் ஓர் இடைவெளியைக் கண்டார். வேறொரு கோப்பிலிருந்து கட்டளைகளைப் படிக்கும் ஓர் ஆணை மட்டும் காவலைக் கடந்து சென்றது. சூழ்ச்சியாக எழுதிய கோப்பொன்றைத் திறந்த அளவிலேயே பயனாளரின் கணிப்பொறி பிறர் கைக்குப் போய்விடும்! அவ்வாணையும் காவலுக்கு உட்பட வேண்டும் என்ற சிறு சோதனையைச் சேர்த்ததும் இடைவெளி அடைபட்டது.

இங்கே மலைத்தோட்டத்தின் பாடமொன்று நினைவுக்கு வருகிறது. கட்டே நோய் விதை வழியாகப் பரவாது. ஆனால் நோயுற்ற தூரின் கிழங்கைப் பெயர்த்து நட்டால் நோயும் கூடவே செல்லும். மூலெனார் ஒருவரே எல்லாத் திருத்தத்தையும் ஏற்பதோ மறுப்பதோ செய்துவந்ததால், புதுமை விரும்பிய சிலருக்கு அவருடைய நடை மெதுவாகத் தோன்றியது. 2014-ஆம் ஆண்டில் அவர்கள் விம்மின் மூலநிரலைப் பெயர்த்தெடுத்து 'நியோவிம்' என்னும் தனித் தொகுப்பியைத் தொடங்கினர். திறந்த மூலநிரல் அவர்களுக்கு அந்த உரிமையைத் தந்தது. ஆனால், நான் கூறிய வழுவும் அக்கிழங்கோடு சென்றிருந்தது! 2019-இல் இரு தோட்டத்தாரும் தத்தம் நிலத்தில் அதனைக் களைந்தனர். பிரிந்து போனவர்க்கும் வழு பொது, திருத்தமும் பொது.

களைந்த வழு மீண்டும் முளையாதிருக்க வேண்டுமல்லவா? அதற்காக ஒவ்வொரு திருத்தத்தோடும் ஒரு சோதனையை எழுதி வைப்பது வழக்கம். பின்னாளில் யாரேனும் அறியாமல் பழைய வழுவை மீட்டுக் கொணர்ந்தால் அச்சோதனை கூவி எழுப்பிவிடும். விம்முக்கு இத்தகைய சோதனைகளை ஏராளமாக எழுதியவருள் ஒருவர் ஏகப்பன் லட்சுமணன். விம்மோடு வரும் தமிழ் விசைவரைவுக் கோப்பிலும் பராமரிப்பாளர் என்று அவர் பெயரே காணப்படுகிறது. ஆங்கில விசைப்பலகையைக் கொண்டு திஸ்கி என்னும் குறியேற்றத்தில் தமிழ் எழுத உதவுவது அக்கோப்பு.

திஸ்கி என்பது யாது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாக என் சொந்த இழப்பொன்றைக் கூறுகிறேன். 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பல இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையில் எழுத்துகளுக்கு எண் கொடுத்தது. ஒன்றில் 'க' என்பது மற்றொன்றில் வேறு எழுத்தாகும். என் தந்தையார் தம் கடைசிப் பணிக்காலத்தில், தோட்டத்தில் பெய்த மழையளவையும் ஒவ்வொரு பறிப்பின் எடையையும் கணிப்பொறியில் தமிழில் எழுதிவைத்தார். விலைக்கு வாங்கிய ஒரு மென்பொருளில் அதனை எழுதினார். அவர் காலமான பின் நான் அக்கோப்பைத் திறந்தபோது பொருளற்ற குறிகளே வரிசையாக நின்றன. மென்பொருளை ஆக்கியவர் கடையைக் கட்டிவிட்டார். அவருடைய முறையோ மூடிய பெட்டி. அச்சிட்டு வைத்த ஒற்றைத் தாள் மட்டும் கிடைத்தது. அதனைக் கோப்போடு ஒப்பிட்டு, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒரு கோடை முழுவதும் தேடினேன். மழைக் குறிப்புகள் ஓரளவு மீண்டன. ஓரங்களில் அவர் எழுதியிருந்த சொந்தக் குறிப்புகள் பல மீளவே இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழியே கூடி விவாதித்துத் திஸ்கி என்னும் பொதுமுறையை வகுத்தனர். இன்று ஒருங்குறி என்னும் உலகப் பொதுமுறை அதன் இடத்தைப் பெற்றுவிட்டது. எனினும், திஸ்கியில் எழுதிய பழைய கோப்பு எவருக்கும் புரியாத மறைமொழி ஆகிவிடவில்லை. அதன் விதி வெளிப்படையானது. அதனை அறிந்த கருவிகளும் வெளிப்படையானவை. மூடிய பெட்டியில் கிடந்த தந்தையாரின் எழுத்துக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

தமிழ் மாணவர் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்றும் இதில் உண்டு. வழு, வழாநிலை, வழுவமைதி என்று நம் இலக்கணம் வகுத்திருக்கிறது. வழுவேயாயினும் சான்றோர் வழக்கில் நிலைத்துவிட்டதை அமைத்துக்கொள்வது வழுவமைதி. தொகுப்பியிலும் அது உண்டு. ஒரு சொல்லை நீக்குக என்னும் கட்டளை, சொல்லையடுத்த இடைவெளியையும் நீக்கும். ஆனால் ஒரு சொல்லை மாற்றுக என்னும் கட்டளை அவ்விடைவெளியைத் தொடாது. நெறிப்படி நோக்கினால் இது முரண். ஆயினும் பழைய வி.ஐ. காலமுதல் பல்லாயிரவர் விரல்கள் இதற்குப் பழகிவிட்டன. ஆகவே மூலெனார் அதனைத் திருத்தாமல், 'இது தனி விதி' என்று கையேட்டில் எழுதிவைத்தார். எதனைக் களைவது, எதனை அமைப்பது என்று துணியும் அறிவே பராமரிப்பாளரின் தலையாய தகுதி.

அத்தகைய பராமரிப்பாளர் மறைந்தால் என்ன ஆகும்? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விம்மைப் பேணிய பிராம் மூலெனார் 2023 ஆகஸ்டு 3-ஆம் நாள், தம் 62-ஆம் வயதில் காலமானார். கருவி அவரோடு முடிந்துவிடுமோ என்று பலர் அஞ்சினர். அவ்வாறு நேரவில்லை. பல ஆண்டுகளாகத் திருத்தங்கள் எழுதி உதவிவந்த கிறிஸ்தியன் பிராபண்ட் என்பவர் தலைமைப் பராமரிப்பை ஏற்றார். பிற தொண்டர்கள் தோள் கொடுத்தனர். 2024 ஜனவரி 2-ஆம் நாள் 9.1 என்னும் பதிப்பு வெளியாயிற்று. அதனை அவர்கள் மூலெனாரின் நினைவுக்கே உரியதாக்கினர். என் தந்தையார் பயன்படுத்திய மென்பொருளை ஆக்கியவர் போனபோது எழுத்தும் போயிற்று. மூலெனார் போனபோதோ ஒரு வரியும் போகவில்லை. மூலநிரல் எல்லார் கையிலும் இருந்தது; அதனைப் படித்துப் பழகிய மனிதரும் இருந்தனர். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் போதாது.

மாணவர்களே, நீங்களும் இத்தொண்டில் சேரலாம். பெரிய நிரல் எழுத வேண்டுமென்பதில்லை. 'கொ' என்னும் எழுத்தை எண்ணிப் பாருங்கள். ஒருங்குறியில் ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒன்றாகவும் இடலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு வகையில் எழுதியதை மற்றொரு வகையில் தேடினால் கருவிகள் பல அதனைக் காண்பதில்லை. தமிழ் எழுதுபவர் கண்டு சொன்னாலன்றி, இவ்வழுவைத் தமிழறியாத பராமரிப்பாளர் எங்ஙனம் அறிவார்? எந்தக் கருவியில், எதைச் செய்தபோது, என்ன நேர்ந்தது, என்ன நேர்ந்திருக்க வேண்டும் என்னும் நான்கினையும் தெளிவாக எழுதியனுப்பினால் அதுவே பெருந்தொண்டு.

சென்ற மழைக்காலத்தில் மீண்டும் மலைக்குச் சென்றிருந்தேன். தந்தையார் பணிபுரிந்த தோட்டத்தில் ஓர் அம்மையார் குனிந்து குனிந்து இலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். "இன்னும் எத்தனை வரிசை அம்மா?" என்று கேட்டேன். "முடிஞ்சா மறுபடி முதல்லருந்துதான் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த தூருக்கு நகர்ந்தார்.