கண்ணில் படாத கீழ்த்தொட்டி



சில ஆண்டுகளுக்கு முன், பெற்றோர் அளித்த நன்கொடையில் எங்கள் பள்ளி அறிவியல் அறையில் பவளத்தொட்டி ஒன்றை அமைத்தோம். நீளம் 120 செ.மீ., அகலம் 50 செ.மீ. அதற்கடியில், அலமாரிக்குள், 'சம்ப்' எனப்படும் கீழ்த்தொட்டி. மேல்தொட்டியில் வழியும் நீர் அதில் இறங்கித் தூய்மையாகி, பம்பு வழியாக மீண்டும் மேலேறும். பார்ப்பவர் கண்ணுக்கு விருந்தாவது மேல்தொட்டிதானே என்றெண்ணி, கீழ்த்தொட்டியைச் சிறியதாக வாங்கி, அதையும் விளிம்புவரை நிரப்பி வைத்தேன்.

ஒரு வார இறுதியில் மின்தடை ஏற்பட்டது. திங்கட்கிழமை காலையில் தரையெங்கும் உப்புநீர். மாணவர்களின் செயல்திட்ட ஏடுகள் ஊறிக் கிடந்தன. பவளங்களுள் பாதி பிழைக்கவில்லை. மின்தடையே காரணம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கூறினேன். ஆனால் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, தொட்டி உடையவில்லையே, தண்ணீர் எப்படி வெளியே வந்தது?" என்று கேட்டாள். விடை சொல்ல இயலாமல் நின்றேன். அவ்வினாவே இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

1850-இல் இலண்டன் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன், மீன்களோடு நீர்த்தாவரங்களையும் நத்தைகளையும் சேர்த்து வைத்தால், நீரை அடிக்கடி மாற்றாமலேயே அவை வாழும் என்று காட்டினார். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீனகம் திறக்கப்பட்டது. 1854-இல் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் வெளிவந்தபின், கடல்நீர்த் தொட்டி வளர்ப்பு இங்கிலாந்தில் பெருமோகமாயிற்று. ஆயினும், அசைவற்ற சிறுதொட்டிகளில் நீர் விரைவில் கெட்டது.

இதற்குத் தீர்வு கண்டவர்களுள் முதன்மையானவர் வில்லியம் அல்ஃபோர்டு லாயிட். 1871-இல் திறக்கப்பட்ட இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் மீனகத்தில், காட்சித் தொட்டிகளின் மொத்தக் கொள்ளளவைக் காட்டிலும் பன்மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தை நிலத்தடியில் அமைத்தார். அவ்விருட்டில் நீர் குளிர்ந்து தெளிந்தது. நீராவி எந்திரங்கள் அதை இரவும் பகலும் மேலேற்றின. மக்கள் காணாத தேக்கமே மக்கள் கண்ட உயிர்களைக் காத்தது. நம் கீழ்த்தொட்டிக்கு அதுவே முன்னோடி எனலாம்.

நம் வட்டாரத்திற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிர்ப்பாறைகளையும் இயற்கைக் கடல்நீரையும் காற்றுக்குமிழ்களையும் மட்டுமே கொண்டு பவளம் வளர்த்த முறையை 1961-இல் அமெரிக்க இதழொன்றில் விளக்கினார். இடம்பெயர இயலாத பவளத்திற்கு உணவும் உயிர்வளியும் கொண்டு வருவது நீரோட்டமே. 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு, அடியில் வடிகட்டித் தொட்டி வைக்கும் ஐரோப்பிய முறை அமெரிக்க வீடுகளில் பரவியது.

இனி, அம்மாணவியின் வினாவுக்கு விடை. பம்பு இயங்கும்போது மேல்தொட்டி நீர், வழிவாயின் விளிம்பைவிடச் சற்று உயர்ந்தே நிற்கும். பம்பு நின்றதும் அந்நீர் கீழிறங்கும். திரும்பு குழாயின் வாய் நீருக்குள் ஆழமாக அமிழ்ந்திருந்தால், அக்குழாயே நீரை உறிஞ்சி மேலும் கீழிறக்கும். எங்கள் தொட்டியில் 3 செ.மீ. நீர் இறங்கியது.

120 × 50 × 3 = 18,000 கன செ.மீ., அதாவது 18 லிட்டர்.

கீழ்த்தொட்டியில் அந்த 18 லிட்டருக்கு வெற்றிடம் இல்லை. நீர் தரைக்கு வந்தது. மின்சாரம் திரும்பியபோது, மேலேற்றப் போதிய நீர் இல்லாமல் பம்பு வறண்டு ஓடியது. ஐந்தாம் ஆண்டுக் கொள்ளளவுக் கணக்கை ஆண்டுதோறும் கற்பித்த நான், அதைச் செய்து பார்க்கத் தவறியிருந்தேன்.

அடுத்த சங்கக் கூட்டத்தில், மின்தடை காரணமன்று, என் கணக்கின்மையே காரணம் என்று எழுந்து சொன்னேன். சற்று நேரம் அமைதி நிலவியது. பின் தந்தையொருவர், "அப்படியானால் பிள்ளைகளே கணக்குப் போடட்டும், ஐயா" என்றார்.

அவ்வாறே செய்தோம். புதிய கீழ்த்தொட்டியின் அளவை மாணவர்களே வகுத்தனர். திரும்பு குழாயின் வாயை நீர்மட்டத்திற்கு அருகில் உயர்த்தினோம். பம்பை நிறுத்தி, நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, கீழ்த்தொட்டியில் அந்த உச்ச அளவுக்கு ஒரு கோடு வரைந்தோம். கோடு வரைந்தவள் வினா எழுப்பிய அந்த மாணவிதான்.