பெருந்தமனி ஏன் பிளக்கிறது?

புணே நகரில் நெடுங்காலம் வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பத்தினர் பான்ஷெத் அணையின் பெயரை அறிவர். 1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் அவ்வணை உடைந்தது. அதன் வெள்ளம் கடக்வாஸ்லாவின் பழைய கல்லணையையும் உடைத்துக்கொண்டு முட்டா நதி வழியே நகருக்குள் புகுந்தது. ஓர் அணை உடைந்தால் பொறியியல் அறிஞர் கேட்கும் கேள்விகள் இரண்டு. சுவர் வலுவிழந்திருந்ததா? அல்லது நீரின் விசை அளவு கடந்ததா? அதே கடக்வாஸ்லாவில், 1916-இல் தோன்றிய நீரியல் ஆராய்ச்சி நிலையம் சிறு மாதிரிகளை அமைத்து நீரோட்டத்தின் போக்கை ஆராய்ந்து வருகிறது. இவ்விரண்டு கேள்விகளையே மருத்துவ அறிஞர்கள் மனித உடலின் ஒரு குழாயைக் குறித்து இருநூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கின்றனர். அவ்வரலாற்றையே இங்கு நாம் காண்போம்.

இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாய்க்குப் பெருந்தமனி என்று பெயர். அதன் சுவரில் மூன்று படலங்கள் உண்டு. உட்படலம் மெல்லியது, நடுப்படலமே பளுவைத் தாங்குவது, வெளிப்படலம் உறை போன்றது. உட்படலத்தில் ஒரு கீறல் விழுமானால் இரத்தம் அதனுள் நுழைந்து, நடுப்படலத்தை ஏட்டுச்சுவடியின் ஓலைகளைப் பிரிப்பதுபோல் இரண்டாகப் பிரித்துக்கொண்டே செல்லும். இதுவே பெருந்தமனிப் பிளவு. வெளிப்படலமும் கிழிந்தால் உயிர் தங்குவது அரிது.

இந்நோய் தெளிவாகப் பதிவான முதல் நிகழ்ச்சி ஓர் அரசருடையது. 1760-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் காலையில், இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் தம் 76-ஆம் வயதில் மலங்கழிக்கச் சென்ற இடத்தில் வீழ்ந்து இறந்தார். அரண்மனை வைத்தியர் பிராங்க் நிக்கல்ஸ் உடலைத் திறந்து பார்த்தார். இருதய உறையில் இரத்தம் உறைந்து நிறைந்திருந்தது. பெருந்தமனியின் உட்புறத்தில் ஒன்றரை அங்குல நீளமுள்ள குறுக்குக் கீறல் ஒன்றும் தென்பட்டது. அதன் வழியே இரத்தம் வெளிப்படலத்தின் கீழ்ப் புகுந்திருந்தது. முக்கும்பொழுது இரத்த அழுத்தம் உயரும் என்பதை நாம் இன்று அறிவோம். ஆகவே அவ்விடமும் அவ்வேளையும் பொருளுள்ளவை.

அழுத்தம் என்பதை அதற்கு முன்பே அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். ஒரு பெட்டைக் குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறி நின்றது. 1733-இல் அவர் வெளியிட்ட நூலில், தமனிகளின் மீள்தன்மையைத் தீயணைப்புப் பொறியின் காற்றறைக்கு ஒப்பிட்டார். துடிப்புத் துடிப்பாய் வரும் இரத்தத்தைப் பெருந்தமனி விரிந்து ஏற்றுச் சுருங்கி அனுப்புகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை அது இவ்வாறு விரிகிறது.

சுவரின் குற்றமே காரணம் என்ற கட்சி இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. வியன்னாவின் எர்ட்ஹைம், 1929-இலும் 1930-இலும் வெளியிட்ட கட்டுரைகளில், நடுப்படலத்தின் நார்கள் சிதைந்திருப்பதை எடுத்துக் காட்டினார். 1957-இல் கனடாவில் ரோச், பர்ட்டன் என்னும் இருவர் மனிதத் தமனித் துண்டுகளை எடுத்து, ஒருவகை நாரை நீக்கிவிட்டு மற்றதை இழுத்துப் பார்த்தனர். எலாஸ்டின் என்னும் நார் ரப்பரைப்போல் எளிதில் நீளுகிறது. சுவர் மிகுதியாக விரிந்தபின் கொலாஜன் என்னும் நார் கயிறுபோல் இறுகித் தாங்குகிறது. இவ்விரண்டும் பிணைந்திருக்கும் வரையில் சுவர் நிற்கும்.

அப்பிணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1952-இல் அமெரிக்காவில் பொன்செட்டி, பேர்ட் என்போர், தோட்டத்தில் மணமலருக்காக வளர்க்கும் ஸ்வீட் பீ கொடியின் விதைகளை எலிகளுக்குத் தீனியாக அளித்தனர்; எலிகளின் முதுகெலும்பு வளைந்தது, பெருந்தமனியும் பிளந்தது. அவ்விதையிலுள்ள நஞ்சு நார்களின் பிணைப்பைத் தடுப்பது என்று பின்னர் விளங்கியது. நம் நாட்டில் கால்களை முடக்கும் கேசரிப் பருப்பு இச்செடிக்கு உறவினமே; ஆயினும் அதன் நஞ்சு வேறு.

இனி, விசையே காரணம் என்ற கட்சியைப் பார்ப்போம். இங்கே நம் நாட்டு மூலிகை ஒன்று வரலாற்றில் நுழைகிறது. சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்று 1931-இல் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினர். பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல், 1949-இல் தம் நோயாளிகளிடம் கண்ட பயனை ஆங்கில இருதய மருத்துவ இதழில் வெளியிட்டு, உலகின் கவனத்தை ஈர்த்தார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெஸர்பைன் பிரித்தெடுக்கப்பட்டது. அமெரிக்கப் பண்ணைகளில் வான்கோழிகள் பெருந்தமனி வெடித்துத் திடீரென மடிந்து வந்தன. தீவனத்தில் ரெஸர்பைனைச் சிறிதளவு சேர்த்தபோது அச்சாவுகள் குறைந்தன. பறவைக்கு உதவியது மனிதனுக்கும் உதவக் கூடுமன்றோ? புளோரிடாவின் வீட் என்னும் அறுவை மருத்துவர், 1965-இல் ரெஸர்பைன் முதலிய மருந்துகளால் பிளவு நோயாளிகளைக் கத்தியின்றியே காத்ததாக அறிவித்தார்.

வீட்டும் அவர் துணைவர்களும் 1970-இல் இன்னொரு சோதனையை வெளியிட்டனர். பிளாஸ்டிக் குழாயின் உட்புறம் ரப்பர்ப் படலம் பூசி, அதில் கீறலிட்டு நீர்மத்தைச் செலுத்தினர். சீரான ஓட்டத்தில், அழுத்தம் பாதரச அளவில் 400 மில்லிமீட்டர் ஆனபோதும் கீறல் பரவவில்லை. துடிப்பாகச் செலுத்தியபோது 120 மில்லிமீட்டரிலேயே படலம் உரிந்து சென்றது. ஆகவே அழுத்தத்தின் அளவைக் காட்டிலும், ஒவ்வொரு துடிப்பிலும் அது எத்துணை விரைவாக எழுகிறது என்பதே கிழிப்பது என்று அவர்கள் கண்டனர். இருதயத் துடிப்பை மென்மையாக்கும் மருந்துகள் இன்றும் இந்நோயில் முதலிடம் பெறுவதற்கு இதுவே அடிப்படை.

அவ்வாறாயின் எந்தக் கட்சி வென்றது? இரண்டும் என்பதே நம் துணிபு. வலுவிழந்த சுவர் சாதாரண விசைக்கும் இடங்கொடுக்கும். உயர்ந்த விசை நல்ல சுவரையும் நாளடைவில் தளர்த்தும். குழாய் அகன்றால், அதே அழுத்தத்தில் சுவரின் இழுவிசை கூடும் என்பது இயற்பியல் விதி. ஆகவே விரிந்த பெருந்தமனி மேலும் ஆபத்தானது. கீறல் பெரும்பாலும் இருதயத்தை அடுத்தும், இடக்கைத் தமனி பிரியும் இடத்தை அடுத்துமே விழுகிறது. முன்னது துடிப்புதோறும் இருதயத்தால் இழுக்கப்படும் பகுதி. பின்னது அசையும் குழாய் நிலையான பகுதியைச் சேருமிடம்.

தொலைவில் பணிபுரியும் நம்மவர்க்கு இவ்வரலாறு கூறும் செய்தி எளியது. இரத்த அழுத்தம் வலியின்றி வேலை செய்யும் பகை. ஆகவே அதனை அளந்து பார்ப்பதும், வைத்தியர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தாதிருப்பதும் கடமையாகும். சர்ப்பகந்தா வேரைத் தாமே உட்கொள்வது தகாது. ரெஸர்பைனின் இடத்தை இன்று வேறு மருந்துகள் பெற்றுவிட்டன. மார்பிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற கடும் வலி திடீரெனத் தோன்றினால், வாயு என்று கருதிச் சுக்குக் கஷாயம் வைத்துக் காத்திராமல் உடனே பெரிய மருத்துவமனையை அடைய வேண்டும். மாரடைப்பு என்று இதனைத் தவறாகக் கொண்டு இரத்தம் உறையாதிருக்கும் மருந்தைத் தந்தால் தீங்கே விளையும். ஆதலால் வலி எவ்வாறு தொடங்கியது, எங்குப் பரவியது என்பதை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அணையில் கசிவு கண்டவுடன் காவலன் கூவுவது போல், உடல் கூவும்போது செவிகொடுப்பதே அறிவுடைமை.