கண்டியில் எழுதப்பட்ட பர்மாவின் விதி

பேராதனைத் தாவரவியல் பூங்காவைப் பார்க்கச் செல்வோரில் பலர், ஓர் அயல் நாட்டின் அரசியல் விதி கண்டி மண்ணில் தீர்மானிக்கப்பட்டதை அறியமாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில், தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் கண்டிக்கு மாற்றப்பட்டுப் பேராதனைப் பூங்காவில் இயங்கியது. அதன் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு. 1945 மே மாதம் ரங்கூன் மீட்கப்பட்ட பின்னரும் பர்மாவில் சிவில் ஆட்சி உடனே திரும்பவில்லை. அந்நாடு மவுண்ட்பேட்டனின் கட்டளைக்குட்பட்ட இராணுவ நிர்வாகத்தின் கீழேயே இருந்தது. பர்மாவைப் பொறுத்தவரை அவரே இராணுவ ஆட்சியாளர்.

முதலில் ஜப்பானுடன் இணைந்திருந்து, 1945 மார்ச் 27இல் அதனையே எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தது ஆங் சானின் படை. அவரைத் துரோகியாக விசாரிக்க வேண்டும் என்ற குரல் பிரித்தானியத் தரப்பில் எழுந்தது. மவுண்ட்பேட்டனோ பேச்சுவார்த்தையைத் தெரிவு செய்தார். அதன் பயனே 1945 செப்டெம்பரில் கைச்சாத்தான கண்டி உடன்படிக்கை. ஆங் சானின் படையிலிருந்து சுமார் 5,200 வீரர்களையும் 200 அதிகாரிகளையும் நிரந்தரப் பர்மிய இராணுவத்தில் சேர்த்துக்கொள்ள இணக்கம் காணப்பட்டது. ஆங் சானுக்கு உயர் இராணுவப் பதவியும் முன்வைக்கப்பட்டது. அவர் அதனை ஏற்காமல், சீருடையைக் களைந்து அரசியலுக்குச் சென்றார். 1945 ஒக்டோபரில் இராணுவ நிர்வாகம் முடிவுற்று சிவில் ஆட்சி திரும்பியது.

1947 ஏப்ரலில் நடந்த அரசியலமைப்புச் சபைத் தேர்தலில் ஆங் சானின் கட்சி பெருவெற்றி ஈட்டியது. ஆனால் ஜூலை 19 அன்று அவர் தம் சகாக்களுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்களுள் ஒருவர் கல்வி அமைச்சர் யு ரசாக். இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பர்மிய பௌத்தத் தாய்க்கும் பிறந்த அவர், மண்டலேயில் ஆசிரியப் பணி புரிந்தவர். பௌத்தர் பெரும்பான்மையாக வாழும் நாட்டின் விடுதலைத் தியாகிகள் வரிசையில் ஒரு முஸ்லிமும் இடம்பெற்றிருப்பது நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

பர்மா 1948 ஜனவரி 4இல் சுதந்திரமடைந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து இலங்கையும் சுதந்திரம் பெற்றது. எனினும் கண்டியில் வகுக்கப்பட்ட இராணுவம் நெடுங்காலம் பாசறைக்குள் அடங்கியிருக்கவில்லை. 1958இல் பிரதமர் யு நு, ஜெனரல் நே வினிடம் இடைக்கால ஆட்சியை ஒப்படைத்தார். நே வின் 1960 பெப்ரவரியில் தேர்தலை நடத்தி, வென்ற யு நுவிடமே ஆட்சியைத் திருப்பியளித்தபோது உலகம் பாராட்டியது. இரண்டே ஆண்டுகளில், 1962 மார்ச் 2இல், அதே கரம் ஆட்சியைப் பறித்தது.

அதன் விலையைச் செலுத்தியோரில் தமிழரும் முஸ்லிம்களும் அடங்குவர். 1963, 1964ஆம் ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாக்கப்பட்டன. தலைமுறைகளின் உழைப்பை இழந்து, இந்திய வம்சாவளியினர் லட்சக்கணக்கில் வெறுங்கையுடன் கப்பலேறினர். சென்னையின் பர்மா பஜார் அந்தத் துயரத்தின் சின்னமாக இன்றும் நிற்கிறது.

1990 தேர்தலில் 485 ஆசனங்களில் 392ஐ எதிர்க்கட்சி வென்றபோதும் இராணுவம் ஆட்சியைக் கையளிக்கவில்லை. 2021 பெப்ரவரி 1இல், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை மீண்டும் கவிழ்த்தது.

தேர்தலை நடத்துவதால் மட்டும் ஓர் இராணுவ ஆட்சியாளர் மக்களாட்சியின் காவலராகிவிடுவதில்லை. மக்கள் தீர்ப்பு தமக்குப் பாதகமாக அமையும்போதும் அதற்கு அவர் தலைவணங்குகிறாரா என்பதே உரைகல். ஆங் சான் கண்டி உடன்படிக்கையின் பின் துறந்த சீருடையை, அவருக்குப் பின் வந்தோர் துறக்க மறுத்தனர். பர்மாவின் துயரம் அங்கிருந்தே தொடங்குகிறது.