பத்தனை

மலைச்சரிவுப் புல்வெளியைக் குறிக்கும் பத்தனை என்ற சொல், சிங்களப் ‘பதன’விலிருந்து இலங்கைத் தமிழுக்கு வந்தது. தமிழில் இடையே வரும் ஒற்றைத் தகரம் மெலிந்து ஒலிக்கும். வல்லோசையைக் காக்கவே தகரம் இரட்டித்தது. சிங்கள லுணுகல தமிழில் லுணுகலை ஆனதுபோல ஈற்று அகரமும் ஐகாரமாயிற்று. நகரத்தைக் குறிக்கும் பத்தனம் ஒலியில் நெருங்கினாலும் பொருளில் வேறு.

தாவரவியலாளர் எச். எச். டபிள்யூ. பியர்சன் 1899இல் இலங்கைப் பத்தனைகளின் தாவரங்களை ஆராய்ந்து எழுதினார். ஈரப் பத்தனை, உலர் பத்தனை என்பது இன்றும் வழங்கும் பாகுபாடு. ஹோட்டன் சமவெளியில் இருப்பது ஈரப் பத்தனை. ஏறத்தாழ 1,500 மீட்டருக்குக் கீழே, ஊவாவின் பதுளை, பசறை, லுணுகலை மலைகளில் பரவியிருப்பது உலர் பத்தனை.

இந்த உலர்வுக்குக் காரணம் மத்திய மலைநாடே. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, வெப்பமும் வறட்சியுமாக ஊவாவுக்கு இறங்குகிறது. மட்டக்களப்பில் இதற்குக் கச்சான் என்று பெயர். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறுவதும் இக்காற்றினால்தான். அதே மாதங்களில் பத்தனை காய்ந்து தீப்பிடிக்கிறது. சேனைப் பயிர்ச்செய்கைக்காகக் காட்டை எரித்த இடங்களில் புல் பரவியது என்பார் சிலர். மண்ணும் வறட்சியுமே மரங்களைத் தடுத்தன என்பார் வேறு சிலர். தொடக்கம் எதுவாயினும், பத்தனையை நிலைக்க வைப்பதில் தீக்குப் பெரும் பங்குண்டு. எரிந்த தூரிலிருந்து மழைக்குப் பின் புல் மீண்டும் துளிர்க்கிறது. இளமரக் கன்றுகள் பிழைப்பதில்லை. தடித்த பட்டையுள்ள மரங்களே தாங்கும். லுணுகலையிலிருந்து பிபிலைப் பக்கம் இறங்க இறங்கப் புல்லிடையே கடுக்காய், தான்றி, நெல்லி தென்படுவது இதனால்தான். திரிபலையின் மூன்று காய்களும் தீயைத் தாங்கிய நிலத்தில் விளைபவை.

கோப்பிக் காலத்துத் துரைமார் காட்டையே அழித்துத் தோட்டம் போட்டார்கள். சத்தற்ற மண் என்று பத்தனையை ஒதுக்கினார்கள். ஆனால் பத்தனையின் முதன்மைப் புல்லான மானா பின்னர் தோட்டத்துக்குள்ளேயே அழைக்கப்பட்டது. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்ற மானாவையோ குவாத்தமாலாப் புல்லையோ வளர்ப்பது வழக்கம். ஒதுக்கப்பட்ட நிலத்தின் புல் களைத்த மண்ணுக்கு மருந்தானது, இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் பத்தனைகளின் பெரும்பரப்பில் பைனஸ், யூகலிப்டஸ் மரங்கள் நடப்பட்டன. இச்சொல் ஊர்ப்பெயராகவும் உண்டு. தலவாக்கலைப் பக்கத்தில், ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி அமைந்த ஊருக்கே பத்தனை என்று பெயர். மலையகத்தில் பலருக்கு இச்சொல் இன்று அந்த ஊரையே குறிக்கிறது.