பரதேசி ஆலயமும் பெண்டிர் பாடல்களும்

'பரதேசி' என்னும் சொல் நம்மிடையே இன்று வசைச்சொல்லாகத் தேய்ந்துவிட்டது. பிறதேசத்திலிருந்து வந்தவன் என்னும் பழம்பொருளிலேயே அச்சொல்லைப் பெயராகத் தாங்கி நிற்கும் ஆலயம் ஒன்று கொச்சியில் உண்டு. போர்த்துக்கீசியர் கோட்டைக்கு வெளியே புறநகராய் வளர்ந்த மட்டாஞ்சேரியில், 1568-ஆம் ஆண்டில் எழுந்த யூதர்களின் ஜெப ஆலயம் அது. ஸ்பெயினிலிருந்து 1492-இல் துரத்தப்பட்டோரின் வழிவந்தவர்களும், மேற்காசிய நகரங்களிலிருந்து வந்தவர்களும் அதனைக் கட்டினர். கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டிய நிலத்தையே அவர்களுக்கு அளித்தார்.

1662-இல் போர்த்துக்கீசியரால் ஆலயம் சேதமுற்றது. அடுத்த ஆண்டே கொச்சி டச்சுக்காரர் கைக்கு மாறவே, மீண்டும் எழுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியோடு வணிகம் செய்த எசக்கியேல் ரஹபி மணிக்கூண்டு அமைத்தார். கையால் நீல ஓவியம் தீட்டிய சீனத்துத் தளவோடுகள் பதிக்கப்பட்டன. காண வருவோர் அனைவரும் குனிந்து அந்த ஓடுகளையே பார்க்கின்றனர். அத்தளத்தின்மீது யார் அமரலாம், யார் அமரலாகாது என்று நடந்த வழக்கைப் பற்றி அவ்வோடுகள் எதுவும் சொல்வதில்லை.

பரதேசிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சேர நாட்டில் யூதர் இருந்தனர். ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் அவர்கள் தலைவனுக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில், தமிழுக்கு மிக நெருங்கிய மொழியில் அமைந்தது. யோசேப்பு ரப்பான் என்ற பெயரை அது 'இஸ்ஸுப்பு இரப்பான்' என்று எழுதுகிறது. அவனுக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் வழங்கப்பட்டன. பகல்விளக்கு, பாவாடை, குடை, காகளம், தோரணம் என வரும் அப்பட்டியலைப் படிக்கும் தமிழருக்கு அகராதி வேண்டியதில்லை. ஆனால் அச்செப்பேடு இருப்பதோ பரதேசி ஆலயத்தில். தங்கள் முன்னோருக்குக் கிடைத்த ஏடு வந்தேறிகளின் கையில் எப்படிப் போயிற்று என்று பழைய குடியினர், அதாவது மலபார் யூதர், நெடுங்காலம் கேட்டு வந்தனர்.

அதே யூதர் தெருவில் கடவும்பாகம், தெக்கும்பாகம் என்ற இரு ஆலயங்கள் அவர்களுக்கு உரியவையாய் இருந்தன. 'வெள்ளை யூதர்' எனப்பட்ட பரதேசிகள் 'கறுப்பு யூதர்' எனப்பட்ட அவர்களோடு மணவுறவு கொள்ளவில்லை. மறை ஒன்று, மொழி ஒன்று, தெருவும் ஒன்று. சாதி மட்டும் இரண்டு. பரதேசி ஆலயத்துக்குள்ளேயே மூன்றாம் பிரிவொன்றும் இருந்தது. அடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழியினர் அவர்கள்; மெஷுஹ்ராரிம் என்று அழைக்கப்பட்டனர். தோரா வாசிக்க அவர்களை அழைப்பதில்லை. உள்ளே இருக்கையும் தருவதில்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே இப்பிரிவினை பற்றிய வினா எகிப்து நாட்டு மறைவல்லாரிடம் சென்றது. விலக்குவது தவறு என்றே விடை வந்தது. விடை வந்தும் வழக்கம் மாறவில்லை. சாத்திரத்தைவிட வழக்கம் வலிது என்பதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை அல்லவா!

அப்பிரிவில் 1882-இல் பிறந்தவர் ஏ.பி. சேலம். வழக்கறிஞர், கொச்சி சட்டமன்ற உறுப்பினர், 1929-இல் லாகூர் காங்கிரசுக்குச் சென்றவர். காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தை அவர் தம் சொந்த ஆலயத்திற்குள்ளேயே கொண்டுசென்றார். அந்நியரை எதிர்த்துப் போராடுவதினும் உடன் தொழுவோரை எதிர்த்துப் போராடுவது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மாலையில் அதே தெருவில்தானே முகம் பார்க்க வேண்டும்! தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பின்னர் அவர் மகனே வெள்ளை யூதக் குடும்பத்தில் பெண்ணெடுத்தார். 'யூத காந்தி' என்று போற்றப்பட்ட சேலம் 1967-இல் கொச்சியிலேயே மறைந்தார். அவர் பெயரில் மட்டாஞ்சேரியில் ஒரு சாலை இருக்கிறது.

ஆடவர் வகுத்த இந்தக் கோட்டைப் பாடல்கள் மதிக்கவில்லை. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடினர். ஆடவர் கேட்கவே பாடினர். திருமணப் பாடல், விவிலியக் கதைப் பாடல், ஆலயம் கட்டிய வரலாற்றுப் பாடல் என அவை பலவகை. மணமகனை யோசேப்பு ரப்பானாகவே கண்டு வாழ்த்துவனவும் உண்டு. தாயின் குறிப்பேட்டிலிருந்து மகள், அவளிடமிருந்து பேத்தி எனப் படியெடுத்து வந்தனர். படியெடுத்தவருக்கே பொருள் விளங்காத பழஞ்சொற்கள் சில பாடல்களில் உள்ளன. பொருள் தெரியாமற்போயினும் சொல்லை விடவில்லை. ஸ்கறியா சக்கரியா, பார்பரா ஜான்சன் முதலிய ஆய்வாளர்கள் குறிப்பேடுகளை ஒப்பிட்டபோது, பரதேசி வீட்டு ஏட்டிலும் மலபார் யூதர் வீட்டு ஏட்டிலும் பாடல்கள் பல பொதுவாயிருக்கக் கண்டனர். தொழுகையில் சேர்ந்து நில்லாதோர் கலியாண வீட்டில் ஒரே பாட்டைப் பாடியிருக்கின்றனர்.

1948-இல் இஸ்ரேல் தோன்றியபோது கொச்சி யூதர் ஏறத்தாழ 2,500 பேர். 1950-களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலோர் புறப்பட்டுவிட்டனர். மலபார் யூதர் ஏறக்குறைய முழுமையாகவே சென்றனர். பரதேசிகள் சற்றுத் தாமதித்துச் சென்றனர். 1968-இல் ஆலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவிற்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார்; அஞ்சல்தலையும் வெளியாயிற்று. பொதுத் தொழுகைக்கு வயதுவந்த ஆடவர் பத்துப்பேர் வேண்டும். இன்று வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தாலன்றி அந்த எண்ணிக்கை அங்கே நிறைவதில்லை.

கடவும்பாகம் ஆலயத்தின் மரவேலைப்பாடுகள் எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்திற்குச் சென்றன. வெறும் கூடாய் நின்ற கட்டடம் கிடங்காகப் பயன்பட்டுப் பாழடைந்து, 2019-இல் மழையில் முகப்பு சரிந்தது. பாடல்களுள் ஒரு பகுதி 'கார்குழலி' என்னும் பெயரில் 2005-இல் எருசலேமில் நூலாக வந்தது. மலையாள எழுத்தில் ஒரு பக்கம், எபிரேயத்தில் ஒரு பக்கம்.