நழுவும் உறை: ஆண்களுக்கான வெளிக் கத்தீட்டரின் வரலாறு

சிறுநீரை அடக்க முடியாத ஆண்களுக்காக உடலுக்கு வெளியே அணியும் கருவிகள் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகின்றன. அவற்றின் கதை பெரும்பாலும் ஒரே சிக்கலைச் சுற்றியது. சிறுநீரைத் தேக்கிவைக்கக் குப்பியோ பையோ எந்தக் காலத்திலும் கிடைத்தது. அதை ஆண்குறியோடு ஒழுகாமலும் தோலைப் புண்ணாக்காமலும் பொருத்துவதுதான் நெடுங்காலம் கைகூடவில்லை.

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ரோய்ஸ் பாரே, இடுப்புக் கச்சையில் கட்டி உடைக்குள் மறைத்துக்கொள்ளும் தகரக் கலம் ஒன்றை விவரித்தார். அவருக்குப் பின் வந்த ஃபாப்ரிசியுஸ் ஹில்டானுஸ் (1560–1634) இதே வேலைக்குப் பன்றியின் சிறுநீர்ப்பையைப் பயன்படுத்தினார். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரான லோரென்ஸ் ஹைஸ்டர், ஒழுகுவதை ஏந்துவதற்குப் பதிலாக, வெளியிலிருந்து அழுத்தி வழியையே மூடும் கவ்வியை முன்வைத்தார். நெடுநேரம் இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைபடும் என்பதால் அந்தக் கவ்விக்கும் எல்லை இருந்தது.

சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற கந்தகமூட்டிய ரப்பர் முதல் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. வளையும், நீர் புகாத, காலோடு ஒட்டிக் கிடக்கும் பைகள் சாத்தியமாயின. கழிப்பறை இல்லாத ரயில் பெட்டிகளில் நெடுந்தூரம் போகும் பயணிகளுக்கும் இவை விற்கப்பட்டன. நோயே இல்லாதவரும் வாங்கியதால்தான் இந்தப் பொருளுக்கு ஓரளவு சந்தை உருவானது எனலாம். ஆனாலும் வார்களும் கச்சைகளும் போகவில்லை. ரப்பர் நாறியது, வியர்வையில் தோல் வெந்தது.

உண்மையான நெருக்கடி போர்களோடு வந்தது. முதல் உலகப் போரில் முதுகுத்தண்டில் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் இவர்களுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். நல்ல பராமரிப்போடு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் சேர, இத்தகைய நோயாளிகள் பல்லாண்டுகள் வாழத் தொடங்கினர். அத்தனை ஆண்டுகளும் அவர்களால் அடக்க முடியாத சிறுநீரை என்ன செய்வது? 1930களில் ஃபிரெடெரிக் ஃபோலே உருவாக்கிய பலூன் கத்தீட்டர், அதாவது சிறுநீரை வடிக்கும் குழாய், சிறுநீர்ப்பைக்குள்ளேயே தங்கும். ஆனால் அதன் வழியாகவே கிருமியும் உள்ளே ஏறும். உள்ளே எதையும் நுழைக்காத மாற்றுவழி வேண்டியிருந்தது.

அது மருத்துவமனை வார்டுகளிலேயே கைவேலையாகப் பிறந்தது. ஆணுறையின் நுனியில் துளையிட்டு, ரப்பர் குழாயைச் செருகிக் கட்டி, மறுமுனையைப் பையில் விடுவார்கள். அமெரிக்காவில் இதற்கு ‘டெக்சாஸ் கத்தீட்டர்’ என்றே பெயர் விழுந்தது. இந்தியாவில் 1968இல் வந்த ‘நிரோத்’ உறைகளும் இப்படிப் பயன்பட்டன. உறை செய்யும் லேட்டக்ஸ் ரப்பர் மரத்தின் பால்தான்.

உறை கிடைத்த பின்னும் அது நழுவியது. சுற்றிலும் ஒட்டுநாடா போட்டு இறுக்கினர். வளையாத நாடாவை முழுச் சுற்றாக ஒட்டினால் குறி வீங்கும்போது இரத்த ஓட்டம் நின்று தசை அழுகும். உணர்வற்ற நோயாளிக்கு வலி தெரியாததால் ஆபத்து இரட்டிப்பு. நீளும் தன்மையுள்ள பட்டையைச் சுருளாகச் சுற்றுவது பின்னர் வார்டுகளின் பாடமானது.

இதே சிக்கல் விண்வெளியிலும் தலைகாட்டியது. 1961 மே 5 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டின் பயணம் பதினைந்தே நிமிடம் என்பதால் சிறுநீருக்கு ஏற்பாடே செய்யப்படவில்லை. ஏவுதளத்தில் காத்திருப்பு மணிக்கணக்கில் நீண்டதால் அவர் விண் உடைக்குள்ளேயே கழிக்க நேர்ந்தது. 1962 பிப்ரவரி 20 அன்று பூமியைச் சுற்றிய ஜான் க்ளென், உருட்டி மாட்டும் ரப்பர் உறையும் பையும் கொண்ட கருவியை அணிந்திருந்தார். அது பின்னர் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது. பின்னாளைய வீரர்களிடம் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு கேட்டபோது ஆண்மைச் செருக்கு குறுக்கிட்டது; தளர்ந்த உறை ஒழுகியது. சிறியதற்கே மிகப் பெரியது என்று பொருள்படும் பெயர் சூட்டியதாக அப்பல்லோ வீரர்கள் வேடிக்கையாக நினைவுகூர்ந்துள்ளனர். வேடிக்கைக்குள் ஒரு மருத்துவ உண்மை இருக்கிறது: சரியாக அளந்து போடாத உறை நிற்காது. உறை தயாரிப்பவர்கள் அளவுமானி அட்டையையும் சேர்த்துத் தருவது இதனால்தான்.

பின்னர் உறையின் உட்புறத்திலேயே பசை தடவி விற்றார்கள். தனி நாடா தேவையற்றுப்போனது. லேட்டக்ஸ் ஒவ்வாமை பற்றிய கவலை 1990களில் வலுத்தபோது சிலிக்கோன் உறைகள் பரவின. இவற்றின் வழியே தோலைப் பார்க்கவும் முடியும்.

உறைக் கத்தீட்டருக்கு 2006இல் வலுவான மருத்துவச் சான்று கிடைத்தது. அமெரிக்க மருத்துவர் சஞ்சய் செயின்ட் குழுவினர் 75 ஆண்களிடம் நடத்திய சோதனையில், மறதிநோய் இல்லாதவர்களுக்கு உள்ளே தங்கும் கத்தீட்டரைவிட உறை பாதுகாப்பானதாகத் தெரிந்தது; அணிந்தவர்களும் அதையே சௌகரியமாக உணர்ந்தனர். 2008 அக்டோபர் முதல், உள்ளே தங்கும் கத்தீட்டரால் மருத்துவமனையில் ஏற்படும் தொற்றுக்கான கூடுதல் செலவை அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு தர மறுத்தது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2009 வழிகாட்டுதல் ஒத்துழைக்கக்கூடிய ஆண் நோயாளிகளுக்கு வெளிக் கத்தீட்டரைப் பரிசீலிக்கச் சொல்லியது. சிறுநீர் தேங்குபவர்களையும் அடைப்பு உள்ளவர்களையும் அது விலக்கியது. தானாக வெளியேறும் சிறுநீரை ஏந்த மட்டுமே உறையால் முடியும். வெளியேறாததை இழுத்து வடிக்க முடியாது.