சார்னாக்கின் கல்லறையும் ஒரு பாறையின் இரு பிறப்புகளும்

கொல்கத்தாவின் புனித யோவான் தேவாலய வளாகத்தில் எண்கோண வடிவில் ஒரு நினைவு மண்டபம் உள்ளது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவராக இருந்த ஜாப் சார்னாக் 1693 ஜனவரியில் இறந்த சில ஆண்டுகளுக்குள் அவருடைய மருமகன் சார்லஸ் அயர் எழுப்பியது அது. அதனுள் இலத்தீன் மொழியில் பொறிக்கப்பட்ட கரிய கற்பலகை ஒன்று இருக்கிறது. ஆற்று வண்டலால் ஆன கொல்கத்தா மண்ணில் அத்தகைய கல் கிடைப்பதில்லை. சென்னையை அடுத்த பறங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கல் அது.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து அந்தப் பலகை ஓர் ஆய்வாளரின் கவனத்திற்கு வந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் 1890இல் சேர்ந்திருந்த தாமஸ் ஹென்றி ஹாலண்ட் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தார். வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் 1893இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை, சார்னாக்கின் கல்லறைக் கல்லின் பாறையியலைப் பற்றியது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமமும் சேர்ந்த அப்பாறைக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று கருதிய அவர், கல்கத்தா நகரின் நிறுவனர் எனக் கருதப்பட்டவரின் நினைவாகச் ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். இன்று அப்பெயர் தென்னிந்தியாவைத் தாண்டி, இலங்கை, மடகாஸ்கர், நார்வே, அண்டார்க்டிகா முதலிய நிலப்பகுதிகளின் பாறைகளுக்கும் வழங்குகிறது.

ஹாலண்ட் அத்துடன் நிற்கவில்லை. 1900இல் வெளியான அவருடைய விரிவான ஆய்வேடு, சென்னைக் குன்றுகள், சேர்வராயன் மலை, நீலகிரி, பழனி முதலிய மலைகளின் பாறைகளை ஒன்றுசேர்த்துச் ‘சார்னோக்கைட் தொடர்’ என்று வகுத்தது. வெளிறிய கிரானைட் போன்றவை முதல் கன்னங்கரிய பைராக்சீன் பாறைகள் வரை அத்தொடரில் அடங்கின. இவை யாவும் ஒரே பாறைக்குழம்பிலிருந்து பிறந்தவை, ஆதலால் தீப்பாறைகள் என்பது அவர் முடிவு. ஒரு பாறை மற்றொன்றை ஊடுருவிச் செல்லும் தடங்களையும், அந்நியப் பாறைத் துண்டுகள் உள்ளே சிக்கியிருப்பதையும் அவர் சான்றாகக் காட்டினார்.

காலத்தைப் பற்றிச் சொல்ல அவரிடம் கருவி இல்லை. ‘ஆர்க்கேயன்’, அதாவது மிகத் தொன்மையானது, என்ற அளவிலேயே அவர் நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. பூமி குளிரும் வேகத்தைக் கணக்கிட்ட கெல்வின் பிரபு அதன் முழு வயதே 2 முதல் 4 கோடி ஆண்டுகள்தாம் என்று 1897இல் கூறியிருந்தார். பல்லாவரத்துக் கல்லின் இன்றைய மதிப்பீட்டு வயதோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அக்காலத்துப் பெரும் இயற்பியலாளர் உலகத்துக்கே அளித்த வயது, இந்த ஒரு குன்றின் வயதில் அதிகபட்சம் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்குதான்.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஹாலண்டின் முடிவு கேள்விக்குள்ளாயிற்று. சாதாரணக் கிரானைட்டில் இரும்பும் மக்னீசியமும் பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற நீர் கலந்த கனிமங்களில் தங்குகின்றன. சார்னோக்கைட்டில் அவை நீரற்ற பைராக்சீனில் தங்கியுள்ளன. இதற்கு இரு விளக்கங்கள் உண்டு. பாறைக்குழம்பே மிகுந்த வெப்பத்தோடும் குறைந்த நீரோடும் உறைந்திருக்கலாம். அல்லது, முன்பே இருந்த பாறை மேலோட்டின் அடியாழத்தில் வெந்து, தன் நீரை இழந்து, திடநிலையிலேயே உருமாறியிருக்கலாம். முதல் விளக்கத்தின்படி அது தீப்பாறை. இரண்டாவதன்படி உருமாறிய பாறை.

இந்த விவாதத்தில் இந்திய ஆய்வாளர்களின் பங்கு பெரிது. மைசூர்ப் பகுதியின் சார்னோக்கைட்டுகளைப் பி. ராமராவ் ஆராய்ந்தார். சி. எஸ். பிச்சமுத்து 1953இல் வெளியிட்ட நூலுக்கு ‘சார்னோக்கைட் சிக்கல்’ என்றே பொருள்படும் தலைப்பு அமைந்தது. ஆர். ஏ. ஹோவி 1955இல் சென்னைப் பாறைகளின் வேதியியலை அளந்து, இவை ஆழத்தில் உறைந்த தீப்பாறைகளாகப் பிறந்து பின்னர்த் திடநிலையில் மறுபடிகமானவை என்று முடிவு கூறினார். ஏ. பி. சுப்பிரமணியம் 1959இல் பல்லாவரத்துக்கே திரும்பிச் சென்று, அங்குள்ள கரிய பாறைகளும் வெளிறிய பாறைகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல என்று வாதிட்டார். ஹாலண்டின் ‘தொடர்’ பிறந்த இடத்திலேயே குலைந்தது.

அடுத்த ஆண்டே பிச்சமுத்து மற்றொரு காட்சியை ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார். கர்நாடகத்தின் கப்பல்துர்கா அருகிலுள்ள கற்குவாரியில், சாம்பல் நிற நைஸ் பாறையின் ஊடே எண்ணெய்ப் பிசுக்கு போன்ற மினுக்கத்துடன் கரும்பச்சைத் திட்டுகள் படர்ந்திருந்தன. நைஸின் வரிகள் அத்திட்டுகளுக்குள் நுழைந்து மங்கி மறைந்தன. ஒரு பாறை சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருந்த நிலை, பாதியில் உறைந்து நின்றதுபோல் அங்கே தெரிந்தது. கரியமில வாயு மிகுந்த பாய்மங்கள் ஆழத்திலிருந்து ஏறி, பாறையின் நீரை வெளியேற்றியதே இம்மாற்றத்தின் காரணம் என்ற விளக்கத்தை ஜனார்த்தன், நியூட்டன், ஹேன்சன் ஆகியோர் 1980களில் வளர்த்தெடுத்தனர்.

இரு தரப்புக்கும் கண்கூடான சான்றுகள் இருந்தும் விவாதம் ஏன் முடியவில்லை? ஒரு காரணம் சொல்லிலேயே உள்ளது. ‘சார்னோக்கைட்’ என்பது ஒரு கனிமச் சேர்க்கையின் பெயராகவும், அச்சேர்க்கை தோன்றிய முறையின் பெயராகவும் ஒருசேரப் பயன்பட்டது. ‘தொடர்’ என்ற சொல் இரத்த உறவை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டது. ஒருவர் வருணனையாகக் கூறியதை மற்றவர் தோற்றக் கொள்கையாகக் கேட்டார். கப்பல்துர்காவின் திட்டும் பல்லாவரத்தின் பெரும்பாறையும் ஒரே கனிமங்களைக் கொண்டவை. ஆனால் ஒரே வரலாற்றைக் கொண்டவை அல்ல. ஐயம் தோன்றாத தீப்பாறைகளுக்கு மட்டுமே இப்பெயரை ஒதுக்க வேண்டும் என்று ஃப்ராஸ்ட் இணையர் 2008இல் முன்மொழிந்தது இக்குழப்பத்தைத் தவிர்க்கவே.

சிக்கலின் ஒரு பகுதியைச் சிர்க்கான் என்னும் நுண்ணிய கனிமம் அவிழ்த்தது. படிகமாகும்போது அது யுரேனியத்தை ஏற்கும். ஈயத்தை ஏறத்தாழ முழுமையாக விலக்கும். ஆகவே இன்று அதனுள் காணப்படும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து உண்டானது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகளும், யுரேனியம்-235 பாதியாகக் குறைய ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகளும் ஆகும். ஒன்றை ஒன்று சரிபார்க்கும் இரு கடிகாரங்கள் ஒரே மணிக்குள் அமைந்துள்ளன. அதைவிட முக்கியமானது, சிர்க்கான் மணியின் நடுப்பகுதி குழம்பு உறைந்த காலத்தையும், அதன்மேல் பின்னர் வளர்ந்த விளிம்பு உருமாற்றத்தின் காலத்தையும் தனித்தனியே காட்டக்கூடும் என்பது. எனவே பல சார்னோக்கைட்டுகளுக்குப் பிறந்தநாள் இரண்டு.

அந்நாள்களைக் கொண்டு தென்னிந்தியாவைப் பார்த்தால் ஒரே பெயருக்குள் மூன்று வரலாறுகள் தெரிகின்றன. சென்னை, சேலம், நீலகிரி ஆகிய வடபகுதிகளில் குழம்பின் பிறப்பும் உருமாற்றமும் பெரும்பாலும் 250 கோடி ஆண்டுகளை ஒட்டியவை. ஒரு புவித்தட்டு மற்றொன்றின் அடியில் அமிழும் இடங்களில் எழும் குழம்பின் வேதியியல் சாயல் இவற்றில் காணப்படுவதால், பழைய தார்வார் நிலத்தின் ஓரத்தில் ஒட்டிய எரிமலை வளைவுகளின் வேர்கள் இவை எனப் பலர் கருதுகின்றனர். பாலக்காடு–காவிரிப் பிளவுமண்டலத்துக்குத் தெற்கே, கேரளத்தின் பொன்முடி போன்ற இடங்களில், உருமாற்றம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. கோண்டுவானா என்னும் பெருநிலம் ஒன்றுகூடிய காலம் அது. ஆந்திரம், ஒடிசா வழியே செல்லும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் சார்னோக்கைட்டுகளுக்கு வயது 95 முதல் 100 கோடி ஆண்டுகள். அவற்றின் இணை கிழக்கு அண்டார்க்டிகாவில் உள்ளது.

அந்த அண்டார்க்டிகத் தொடர்பிலும் ஒரு பெயர் வரலாறு உண்டு. சார்னோக்கைட்டின் உறவுப் பாறை ஒன்றுக்கு பாறையியலாளர் டில்லி 1936இல் ‘எண்டர்பைட்’ என்று பெயரிட்டார். அது எண்டர்பி நிலத்தின் பெயரால் அமைந்தது. அந்நிலமோ, திமிங்கில வேட்டைக் கப்பல்களை அனுப்பிய லண்டன் வணிகக் குடும்பம் ஒன்றின் பெயரைத் தாங்கியது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரியும்வரை அந்தக் கடற்கரையும் இந்தியாவின் கிழக்குக் கரையும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தன. அவற்றின் பாறைகள் இரு வணிகர் பெயர்களால் அறியப்படுகின்றன.

சார்னாக் கொல்கத்தாவின் நிறுவனர் அல்லர் என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. ஹாலண்ட் பெயரிட்டதற்கான காரணம் சட்டப்படி நீங்கிவிட்டது, பெயர் நீங்கவில்லை. பெயருக்கு உரிய பாறைதான் குறைந்துகொண்டே வந்துள்ளது. பல்லாவரம், பம்மல், திரிசூலம் குன்றுகள் பல பதிற்றாண்டுகளாகச் சாலைக்கும் கட்டடத்துக்கும் ஜல்லியாக உடைக்கப்பட்டன. ஹாலண்டும் சுப்பிரமணியமும் எந்தப் பாறை எதை ஊடுருவுகிறது என்று நேரில் கண்டு வாதிட்ட முகப்புகள் பலவும் இன்று பள்ளங்கள். சிலவற்றில் நீர் தேங்கி நிற்கிறது. ஆய்வகத்துக்கு வந்துசேரும் சிர்க்கான் மணி தன் வயதைச் சொல்லும். அது எந்தப் பாறையை ஒட்டி, எந்த எல்லைக்குள் கிடந்தது என்பதைக் குன்றுதான் சொல்ல வேண்டும். தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ள பறங்கிமலைப் பாறைமுகப்பு, அந்த வகையில் எஞ்சியிருக்கும் மூல ஆவணங்களுள் ஒன்று.